எழும்பாத நாற்காலி

பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தால் எங்கள் கல்லூரி ஆலயத்தில் ஒரு சத்தம் வரும். மர நாற்காலிகளின் கால்கள் சிமெண்டுத் தரையில் பின்னால் இழுபடும் சத்தம். அந்த ஞாயிறு அது முழுசாக வரவில்லை. அப்போதே என் காதில் உறைத்தது என்று எழுத ஆசைதான், ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. நான் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீருக்கு வைத்திருந்த வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்பியபோது பதினோரு பேர் நின்றிருந்தார்கள். அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அக்கா என்றால் எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. ஊழியர் குடியிருப்பின் கடைசி வரிசையில் அவள் வீட்டு முன்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். பகலில் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடையில் வேலை, சாயங்காலம் வணிகவியல் வகுப்பு. அக்கா ஆய்வகக் கோட்டுகளையும் பாடகர் குழுவின் அங்கிகளையும் துவைத்து இஸ்திரி போடுகிறவள். அவள் கணவர் கல்லூரி எலக்ட்ரீஷியன். மாணவர்கள் அவரை ‘ஃபியூஸ் அண்ணன்’ என்பார்கள். போன ஃபியூஸைப் போடுவதாலா, அவருக்கே அடிக்கடி ஃபியூஸ் போய்விடும் என்பதாலா என்று ஒரு தடவை கேட்டேன். “ரெண்டுக்கும் சேத்துத்தான் வெச்சாங்க, பேரு மலிவு” என்றார்.

ஆலயத்தை நடத்துகிற முறையை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அக்கா உட்கார்ந்ததில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் புரியாது.

அது கல்லூரி வளாகத்துக்குள் இருந்தாலும் கல்லூரிக்குச் சொந்தமான சபை இல்லை. தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஆற்றில் முழுகி எழுந்தவர்கள், கைதட்டிப் பாடுகிறவர்கள், கைதட்டினால் முகம் சுளிக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கியது. போதகருக்குச் சம்பளம் எங்கள் காணிக்கையிலிருந்து போகிறது. சபையை ஆளுகிறவர்கள் பன்னிரண்டு பேர். ஆசிரியர்கள் நான்கு பேர், மாணவர்கள் நான்கு பேர், ஊழியர்கள் நான்கு பேர்; அக்கா அந்த ஊழியர் நால்வரில் ஒருத்தி. ஓட்டு எடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் தோற்கும், தோற்றவர்கள் அடுத்த ஞாயிறு வேறு கோயிலுக்குப் போய்விடுவார்கள் என்று பயந்து, ஆரம்பித்தவர்கள் வேறொரு வழி வைத்தார்கள். ஆராதனை முடிந்தபின் பன்னிரண்டு பேரும் எல்லோர் முன்னாலும் அரைவட்டமாக உட்கார வேண்டும். தீர்மானத்தை வாசித்துக் கொஞ்ச நேரம் மௌனமாக ஜெபித்தபின் மணி அடிக்கும். சம்மதம் உள்ளவர்கள் எழ வேண்டும். மறுபடி மணி அடிக்கும்போது ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் தீர்மானம் அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தவர் தன் காரணத்தைச் சொல்ல வேண்டும். மறுபடி மணி அடித்து, அப்போதும் யாராவது உட்கார்ந்திருந்தால் அந்தப் பேச்சு அதோடு செத்தது.

இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் உள்ள மாதத்துக்கு ‘வாய்ப்பூட்டு’ என்று பெயர். அந்த மாதத்தில் சபையார் யாரும் உட்கார்ந்தவரிடம் ஏன் என்று கேட்கக் கூடாது, அவரும் சபையாரிடம் சொல்லக் கூடாது. கேட்க ஆரம்பித்தால் கெஞ்சல் வரும், கெஞ்சலுக்குப் பின்னால் மிரட்டல் வரும் என்று அந்தக் காலத்தில் யோசித்திருக்கிறார்கள்.

அன்றைய தீர்மானம் கூரையைப் பற்றியது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ஆலயம் ஒழுகியது. அங்கிகள் இருக்கும் அலமாரிக்கு நேர் மேலே விரிசல். அக்கா துவைத்து மடித்து வைத்ததை மறுநாளே நனைந்து நாறிப்போய் எடுத்து வந்து திரும்பத் துவைத்தாள். கல்லூரி முதல்வர் சொல்லி அனுப்பியிருந்தார்: கல்லூரியே புதுக் கூரை போடும், போதகரின் சம்பளத்தையும் கூட்டிக் கொடுக்கும். அதற்குப் பதில் இனிமேல் போதகரை நியமிப்பது கல்லூரி. பன்னிருவர் ஆலோசனைக் குழுவாக இருப்பார்கள்.

தீர்மானத்தை வாசித்தவர் சபைச் செயலாளர், தாவரவியல் பேராசிரியை. அவர் குழந்தைக்குச் சளிக்காய்ச்சல், இரண்டு நாளாகத் தூங்கவில்லை. வாசிக்கப் போகும்போது, “ஒரு நிமிஷம் பிடிங்க” என்று அக்காவின் மடியில் வைத்துவிட்டுப் போனார். குழந்தை அக்காவின் முந்தானையைப் பிடித்தபடி சட்டென்று தூங்கிப்போனது. மௌனம் முடிந்து மணி அடித்தது. அக்கா எழவில்லை. இடது கையை மட்டும் தோள் வரைக்கும் தூக்கினாள்.

தலைவர் ஒரு கணக்குப் பேராசிரியர். எதைக் கேட்டாலும் முதலில் அதற்கு வரையறை சொல்லுவார், அதனால் பெயரே ‘வரையறை’ ஆகிவிட்டது. அவர் அந்தக் கையைப் பார்த்தார்.

“இங்க கைக்குக் கணக்கு இல்லம்மா. காலுக்குத்தான்” என்றார். மணியை மறுபடி அடித்தார்.

“இல்லைங்க சார், நான்...”

“உக்காந்தவங்க உக்காந்தவங்கதான். காரணத்த அடுத்த மாசம் சொல்லுங்க. வாய்ப்பூட்டு ஆரம்பிச்சாச்சு.”

செயலாளர் மேடம் வந்து குழந்தையை எடுத்துக்கொண்டார். எப்போதும் சொல்கிற நன்றியைச் சொல்லவில்லை. பின்சுவரில் சுவிட்சுப் பெட்டி பக்கத்தில் நின்றிருந்த ஃபியூஸ் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அதற்குள் வெளியே போயிருந்தார்.

*

ஃபியூஸ் அண்ணன் அப்படிக் கோபித்துக்கொண்டு போனதற்குக் காரணம் இருந்தது. பதினோரு வருஷமாக அவர் தற்காலிக ஊழியர். நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியல் அந்தப் பருவத்தில் வர இருந்தது. அவருடைய கோப்பு கல்லூரி முதல்வரின் மேசைமேல் இருந்தது. நிரந்தரமானால் குடியிருப்பு வீடு ஓய்வு பெறும்வரை கைவசம். இல்லாவிட்டால் வருஷா வருஷம் ஒப்பந்தம் முடியும்போது, சாமானைக் கட்டு என்று ஒரு வார்த்தை வந்தால் கட்ட வேண்டியதுதான். மகன் வெளியூரில் தொழிற்பயிற்சியில் இருந்தான்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவர் முட்டையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு ரொட்டியை மட்டும் பிய்த்தார். வெளியே மழை கொட்டியது.

“முட்டை வேணாமா?” என்றாள் அக்கா.

“எங்களுக்கெல்லாம் எதுக்கு முட்டை. உக்காந்து சாப்பிடுறவங்க சாப்பிடட்டும்.”

“நீங்களும் உக்காந்துதான் சாப்பிடுறீங்க.”

“நான் உக்காந்தா நாற்காலிதான் தேயும். நீ உக்காந்தா குடும்பமே தேயுது.” என் பக்கம் திரும்பினார். “என்ன புரொஃபஸரம்மா, உங்க கணக்குப் புத்தகத்துல இதுக்கு என்ன பேரு? லாபமா நட்டமா?”

நான் ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டேன். வாயில் எதையாவது வைத்துக்கொள்வதுதான் அந்த வீட்டில் எனக்குத் தெரிந்த நல்ல வழி.

“கேக்க வேண்டியத நேரா கேளுங்க” என்றாள் அக்கா.

“கேக்கக் கூடாதே. வாய்ப்பூட்டாச்சே. நானும் சபைல மெம்பர்தானே. பொண்டாட்டிய எதுக்குடி இப்படிப் பண்ணினேன்னு கேக்கக்கூட எனக்கு ஒரு மாசம் தவணை.” தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர், கொடியில் தொங்கிய ஈர அங்கிகளை விலக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது அக்கா இஸ்திரி மேசையில் நின்றிருந்தாள். தண்ணீர் தெளித்த கோட்டு ஒன்று மேசைமேல் விரிந்து கிடந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“நீ இன்னும் சபைல மெம்பர் ஆகல, இல்ல?”

“இல்லக்கா. சாயங்கால வகுப்புப் பசங்களுக்கு ஒரு வருஷம் முடியணுமாம்.”

“அப்போ உன்கிட்ட சொன்னா தப்பில்ல.” கோட்டின் கழுத்தை அழுத்தித் தேய்த்தாள். ஆவி எழுந்தது. “பிள்ளை தூங்கிட்டு இருந்துச்சு. எழும்பினா முழிச்சுக்கும். ரெண்டு நாளா தூங்காத பிள்ளை. அவ்வளவுதான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். கூரை வந்தா முதல்ல கும்பிடுறவ நான்தான். நனைஞ்ச அங்கிய எல்லாம் யார் திரும்பத் துவைக்கிறா?”

“அண்ணன்கிட்ட சொல்லிடுங்களேன்க்கா.”

“சொன்னா? இந்த நிமிஷமே ஓடுவாரு. எம் பொண்டாட்டி கிறுக்கி, தெரியாம உக்காந்துட்டா, மன்னிச்சிடுங்கன்னு வாசல் வாசலா சொல்லிட்டு வருவாரு. அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த நாற்காலில உக்கார்றது? அடுத்த மாசம் எழும்பிட்டா முடிஞ்சுபோச்சு. நீ வாயத் திறக்காத.”

அன்றே இது முடிந்துபோன விஷயம் என்று நினைத்தேன். நான் நினைப்பது பெரும்பாலும் இப்படித்தான் பொய்த்துப்போகிறது.

*

கேட்கக் கூடாது என்று விதி இருந்ததால் எல்லோரும் கேட்காமல் வந்தார்கள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

முதலில் வந்தது முதல்வர் அலுவலக உதவியாளர். எதைச் சொன்னாலும் காற்றுவாக்கில் கேட்டதாகச் சொல்லுவதால் அவருக்குக் ‘காத்துவாக்கு’ என்றே பெயர். ஒரு கோட்டுக்குப் பொத்தான் தைக்க வேண்டும் என்று வந்தார். அவர் கோட்டு போட்டு நான் பார்த்ததில்லை.

“நான் எதையும் கேக்க வரலைம்மா” என்று உட்கார்ந்தார். “பொத்தான் போயிடுச்சு, அதான்.”

“குடுங்க.”

“காத்துவாக்குல ஒண்ணு கேட்டேன். பட்டியல் அடுத்த கூட்டத்துக்கு அப்புறந்தான் வருமாம். ஏன் அப்புறம்னு எனக்குத் தெரியாது. நான் சின்ன ஆளு.”

“சரிங்க.”

“அண்ணன் பேரு ரெண்டாவதா இருக்காம். பென்சில்ல எழுதியிருக்காம். பென்சில்னா என்ன, அழிக்கவும் செய்யலாம், மேல மையால எழுதவும் செய்யலாம்.” டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். “நான் சும்மா சொன்னேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

“மனசுல வெக்காம இருக்கத்தான் இவ்வளவு தூரம் நனைஞ்சுக்கிட்டு வந்தீங்களா?” என்றாள் அக்கா, நூலைப் பல்லால் கடித்தபடி.

அவர் போனபின் அந்தக் கோட்டைப் புரட்டிப் பார்த்தாள். போன பொத்தானின் நூல் புதிதாகக் கத்திரியால் வெட்டப்பட்டிருந்தது. என்னிடம் காட்டினாள்.

அடுத்து மாணவப் பிரதிநிதிகள் இருவர் வந்து, மழையில் வாளி எடுத்து வைக்க ஆலயத்துக்கு வருகிறீர்களா அக்கா என்று கேட்டுப் போனார்கள். அதுவரை யாரும் அவளை வாளிக்குக் கூப்பிட்டதில்லை. கணக்குப் பேராசிரியர் நடைப்பயிற்சிக்குக் கடைசி வரிசை வழியாக வர ஆரம்பித்தார். வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, “இன்னைக்கும் மழைதான்” என்று மட்டும் சொல்லிவிட்டு நடப்பார். போதகர் மட்டும் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. அவர் சம்பளமும் அந்தத் தீர்மானத்துக்குள் இருந்தது, அதனால் கூச்சப்பட்டாரோ என்னவோ.

ஃபியூஸ் அண்ணன் என்னைத்தான் பிடித்தார். ஜெராக்ஸ் கடையில் மின்விசிறி ஓடவில்லை என்று முதலாளி கூப்பிட்டிருந்தார். ஏணிமேல் நின்றுகொண்டு, திருப்புளியைக் கேட்பதுபோல் கேட்டார்.

“அவ உன்கிட்ட சொல்லியிருக்கா.”

“எத அண்ணே?”

“நடிக்காத. நீ பொய் சொன்னா உனக்குக் காது சிவக்கும், நான் பாத்திருக்கேன். பழைய போதகர் விஷயந்தானே? அதுக்குத்தானே உக்காந்தா?”

“பழைய போதகர் விஷயம்னா?”

அவர் இறங்கி வந்தார். வலது கையை என் முன்னால் நீட்டினார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைப் பக்கமாக மடங்கி அப்படியே நின்றுபோனவை. அது பிறவி என்று நான் நினைத்திருந்தேன்.

“அவ சொல்லலையா?” என்றார். குரல் இறங்கிவிட்டது. பிறகு, “அப்போ வேற என்ன?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி ஏறினார். மின்விசிறி சுற்ற ஆரம்பித்ததும் காகிதங்கள் பறந்தன. நான் அவற்றைப் பொறுக்கிக்கொண்டே அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் கேட்டேன். அவள் வாளியில் அங்கிகளை அலசிக்கொண்டிருந்தாள். அலசுவதை நிறுத்தவில்லை.

“அது ஏழெட்டு வருஷம் ஆச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை, விடுதில கரண்டு போச்சு. வார்டன் இவர வீட்டுல வந்து கூப்பிட்டு கம்பத்துல ஏத்திட்டாரு. கீழ யாரோ மெயின ஆன் பண்ணிட்டாங்க. கை அப்படியே ஒட்டிக்கிச்சு. கீழ விழுந்ததால உசிரு பொழச்சாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் கல்லூரி என்ன சொல்லுச்சு தெரியுமா? லீவு நாள், வேலை உத்தரவு கிடையாது, அவராத்தான் ஏறினாருன்னு. வார்டனும் மறந்துட்டாரு. பாவம், மறதி. அப்போ இருந்த போதகர் அந்த வழியா வந்தவரு, வார்டன் கூப்பிட்டதக் கேட்டிருக்காரு. விசாரணைல போய் நின்னு, நான் கேட்டேன்னு சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கல்லூரி குடுத்துச்சு, வேலையும் நிலைச்சுது. அதுக்கப்புறம் அந்த போதகர மாத்தச் சொல்லிச் சபைக்கு ஆள் மேல ஆளா விட்டாங்க. அப்போ இருந்த பன்னெண்டு பேருல ஊழியர் பக்கத்து நாலு பேரும் எழும்பல. ரெண்டு தடவையும் எழும்பல. அவரு போகல.”

அங்கியை முறுக்கிப் பிழிந்தாள். முழங்கை வரை நரம்பு எழும்பியது.

“இத நான் மறந்தே போயிருந்தேன், பாரேன். கூரை கூரைன்னு கூரையத்தான் பாத்தேன். இந்தக் காத்துவாக்கு வந்து போனப்புறந்தான் யோசிக்கிறேன். அந்த மனுஷன் சம்பளம் கல்லூரிக் கைல இருந்திருந்தா, அன்னைக்குக் காது கேட்டிருக்குமா அவருக்கு?”

எனக்கு அப்போது தோன்றியதை இப்போது எழுதுகிறேன், சரியா என்று தெரியவில்லை. அதுவரை அவளுக்கு ஒரு கவலை மட்டும் இருந்தது. அன்று அதோடு ஒரு காரணமும் சேர்ந்துகொண்டது. கவலையாவது கொஞ்சம் தூங்கவிடும்.

*

கூட்டத்துக்கு முந்தின நாள் அக்காவும் ஃபியூஸ் அண்ணனும் நேருக்கு நேர் பேசினார்கள். நான் முன்னறையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் கதவு இல்லை, திரைதான்.

“நாளைக்கு எழும்பிடு” என்றார் அவர். சத்தம் போடவில்லை. “நான் காரணம் கேக்கல. அது என்னவா வேணா இருக்கட்டும். எழும்பிடு.”

“உங்க வேலைய ஒருத்தர் சாட்சி சொல்லிக் காப்பாத்தினாரு.”

“காப்பாத்தினாரு. இப்ப எங்க அவரு? வேற ஊருக்குப் போயிட்டாரு. நம்ம இங்கயேதான் கெடக்கணும். பையன் லீவுக்கு வந்தா எந்த வீட்டுக்கு வருவான்? நாப்பத்தாறு வயசுல நான் எந்தக் கம்பத்துல போய் ஏறுறது, இந்த மூணு விரல வெச்சுக்கிட்டு?”

“அடுத்த தடவ யாராவது கம்பத்துலருந்து விழுந்தா?”

“எல்லாருக்கும் நீதான் அம்மாவா? அந்த நாற்காலில உக்காந்ததும் பெரிய மனுஷி ஆயிட்டியா?”

அக்கா பேசியபோது மெதுவாகப் பேசினாள்.

“இத்தன வருஷம் இந்தக் காலேஜுல இருக்கேன். கோட்டு வந்துச்சா, வரலையான்னு கேப்பாங்க. நான் வந்தேனான்னு யாரும் கேட்டதில்ல. ஒரு தடவ, ஒரே தடவ எழும்பாம இருந்தேன், முதல்வர் ஆபீஸ்லருந்து ஒருத்தன் பொத்தான வெட்டிக்கிட்டு வரான். அந்த ஆலோசனைக் குழுன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுல நான் எழும்பினாலும் ஒண்ணுதான், உக்காந்தாலும் ஒண்ணுதான். அத நெனச்சாத்தான்...”

“எத நெனச்சாலும் வீடு போனா ரோடுதான்.”

“ஆமா. ரோடுதான்.”

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டார் அறைக்குப் போய்விட்டார். அக்கா விட்ட இடத்திலிருந்து இஸ்திரி போட்டாள். நாளை பாடகர் குழுவுக்கு அங்கிகள் வேண்டும். நடுவில் ஒரு தடவை திரையை விலக்கி, “நீ எழும்பச் சொல்வியா?” என்று கேட்டாள்.

“தெரியலக்கா.”

“தெரியலன்னு சொல்ற ஒரே ஆளு நீதான் இந்த ஊருல” என்று திரையை விட்டாள்.

*

ஆலயம் அன்று நிரம்பியிருந்தது. வழக்கமாக ஆராதனை முடிந்ததும் ஓடிவிடும் விடுதி மாணவர்கள்கூட பெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாளிகள் மூன்று. முதல்வர் வரவில்லை. காத்துவாக்கு வந்திருந்தார், தூணுக்குப் பின்னால், ஒரு பொத்தான் மட்டும் நிறம் மாறிய கோட்டோடு. ஃபியூஸ் அண்ணன் சுவிட்சுப் பெட்டி பக்கத்தில் தன் வழக்கமான இடத்தில் நின்றார். போதகர் முன்பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

பன்னிருவரும் வந்து அமர்ந்தார்கள். செயலாளர் மேடத்தின் குழந்தை இந்தத் தடவை அவர் மடியிலேயே இருந்தது. அக்கா இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்திருந்தாள். காய்ப்பு ஏறிய அந்தக் கைகளில் எதுவும் இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“போன கூட்டத்துல உக்காந்தவங்க எழும்பிக் காரணம் சொல்லலாம்” என்றார் தலைவர்.

அக்கா எழுந்தாள்.

“காரணம் ஒண்ணும் பெருசில்லைங்க சார். செயலாளர் மேடம் பிள்ளைய எம் மடில வெச்சுட்டுப் போனாங்க. காய்ச்சப் பிள்ளை. அப்பத்தான் கண்ணு அசந்துச்சு. நான் எழும்பினா முழிச்சிடும். அதான் உக்காந்திருந்தேன்.”

ஒரு வினாடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு மாணவர் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பிப் பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போனது. ஒரு மாதமாக அடைத்திருந்த ஏதோ திறந்துகொண்டதுபோல் எல்லோரும் சிரித்தார்கள். காத்துவாக்கு தூணிலிருந்து வெளியே வந்து சிரித்தார். செயலாளர் மேடம் மட்டும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். ஒருத்தருக்கும் தோணலையே” என்றார். “அப்போ உங்களுக்கு ஆட்சேபம்னு எதுவும் இல்ல. நல்லது. மணி அடிக்கலாமா?”

நான் திரும்பிப் பார்த்தேன். ஃபியூஸ் அண்ணன் சிரிக்கவில்லை, ஆனால் அவர் தோள்கள் இறங்கியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“அது போன மாசத்துக் காரணம் சார்” என்றாள் அக்கா. அவள் இன்னும் உட்காரவில்லை. “இந்த மாசத்துக்கு வேற இருக்கு.”

சிரிப்பு அடங்க நேரமானது. அவள் காத்திருந்தாள்.

“எனக்கு மேடைப் பேச்சு வராது. ஒரு தடவ இங்க ஒருத்தர் கம்பத்துலருந்து விழுந்தாரு. யாருன்னு உங்களுக்குத் தெரியும். அவர் தானா ஏறலைன்னு ஒரு போதகர் சாட்சி சொன்னாரு. அவருக்கு நம்ம காணிக்கைலருந்து சோறு போச்சு, அதனால அவருக்கு வாய் இருந்துச்சு. இந்தப் போதகர் ஐயாவும் நல்லவருதான். அவர் வாய மூட வேண்டிய இடத்துல நம்மளே அவரக் கொண்டுபோய் வெக்க வேணாம். கூரை ஒழுகினா நான் துவைக்கிறேன். துவைக்கிறது எனக்குத் தெரியும். அவ்வளவுதான்.”

உட்கார்ந்தாள்.

மூன்று வாளிகளிலும் சொட்டுகள் மாறி மாறி விழுந்தன. யாரோ இருமினார்கள். தலைவர் மணியை எடுத்துச் சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு அடித்தார்.

நாற்காலிகள் இழுபட்டன. இந்தத் தடவை நான் வாளியைப் பார்க்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து பேர் நின்றார்கள். அக்கா உட்கார்ந்திருந்தாள். அரைவட்டத்தின் மறுமுனையில், தீர்மானத்தை எழுதி வாசித்த செயலாளர் மேடமும் உட்கார்ந்திருந்தார். குழந்தையின் தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது. அது தூங்கிக்கொண்டிருந்ததா, முழித்திருந்ததா என்று பெஞ்சிலிருந்து எனக்குத் தெரியவில்லை. தலைவரும் அந்தப் பக்கம் பார்த்தார். கேட்கவில்லை. இரண்டாவது மணியை அடித்துவிட்டு, “முடிஞ்சது” என்றார்.

எல்லோரும் கலைந்தபின் போதகர் நிரம்பிய வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் ஊற்றிவிட்டு வந்து, அதே இடத்தில் வைத்தார்.

*

பட்டியல் அந்த வாரமே அறிவிப்புப் பலகையில் வந்தது. ஃபியூஸ் அண்ணன் பெயர் அதில் இல்லை. ஒப்பந்தத்தை அடுத்த வருஷத்துக்கு நீட்டுவார்களா என்பதற்கும் பதில் இல்லை. “காத்துவாக்குல கேட்டேன்” என்று ஆரம்பித்த காத்துவாக்கை, “காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கமா நடங்க” என்று நானே சொல்லி அனுப்பினேன். அப்படிப் பேசியது சரிதானா என்று இன்னும் சந்தேகம்.

அன்று சாயங்காலம் எனக்கு வகுப்பு இல்லை. அக்கா இஸ்திரி மேசையில் நின்றிருந்தாள். தேர்வு வருவதால் கோட்டுகள் குவிந்து கிடந்தன. பட்டியல் வந்த செய்தி எங்களுக்கு மத்தியானமே தெரியும். கூட்டத்துக்குப் பிறகு அவர் வீட்டில் பேசுவதை நிறுத்தியிருந்தார். சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தானே எடுத்துக்கொள்வார். செருப்புச் சத்தம் கேட்டதும் அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அவர் உள்ளே வந்தார். தலையெல்லாம் நனைந்து, முழங்கைவரை தார் அப்பியிருந்தது. கையில் ஒரு தூரிகை.

“எங்க போயிருந்தீங்க?”

“கோயில் கூரைல. அலமாரிக்கு மேல இருக்கிற விரிசல் மட்டும் அடைச்சிருக்கேன். மத்ததுக்குத் தார் பத்தல.” தூரிகையை வாசலில் வைத்தார். “மழை நின்னா ஒட்டும். நிக்கலன்னா இல்ல.”

“யாரு ஏணி பிடிச்சது?”

“போதகர்தான். மனுஷனுக்கு ஏணி பிடிக்கத் தெரியல. பாதி நேரம் ஏணி மேல நான் இருக்கேனா, ஏணி என் மேல இருக்கான்னே தெரியல.”

அக்கா சிரிக்கவில்லை. அவர் சோப்புப் போட்டு நெடுநேரம் கை கழுவினார். தார் முழுசாகப் போகவில்லை. துண்டால் துடைத்துக்கொண்டு வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்று குவியலைப் பார்த்தார். மடங்கிய விரல்களை விட்டு மற்ற மூன்று விரலால் இஸ்திரிப் பெட்டியின் பிடியைப் பிடித்தார்.

“கோட்டுல தார் பட்டுறப்போகுது” என்றாள் அக்கா.

“படாது.” முக்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். “உக்காரு. காலைலருந்து நின்னுக்கிட்டே இருக்க.”

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.